எல்லாருக்கும் "ரெஸ்பெக்டட் சார்" போடாதீங்க

வணக்கம், பின்னாடி இருக்கிறவங்களுக்கு கேக்குதா? சரி. நீங்க எல்லாரும் கடைசி வருஷம், சீக்கிரம் வேலைக்குப் போயிடுவீங்க, கோடிங் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாவே வரும், ஆனா ஒரு மெயில் எழுதுங்கன்னா அரை மணி நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு உக்காந்திருப்பீங்க, அதனால இன்னைக்கு அதைப் பத்தி மட்டும் பேசலாம்.

ஸ்கூல்ல நமக்கு சொல்லிக்குடுத்தது ஒரே கடிதம்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, கடைசியில இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள. அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். தாலுகா ஆபீசுக்கு எழுதினா இன்னைக்கும் அதுதான் சரி, ஏன்னா அந்த லெட்டர் ஒருத்தர் படிச்சதோட முடியாது, ஃபைலுக்குள்ள போகும், நாலு மேசை தாண்டும், ஆபீசரே மாறிடுவாரு, புதுசா வர்றவருக்கு நீங்க யாருன்னே தெரியாது, அதுக்குத்தான் பார்வைன்னு போட்டு முந்தின கடித எண்ணும் தேதியும் எழுதுறோம்.

ஆனா பக்கத்து சீட்ல இருக்கிற டீம் லீடுக்கு அதையே அனுப்புனா? அவங்க பேரே தெரிஞ்சும் "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்"னு ஆரம்பிச்சா, கல்யாணப் பத்திரிகையை வீட்டுல இருக்கிறவங்களுக்கே தபால்ல போட்ட மாதிரி இருக்கும். பேரைப் போட்டு ஒரு ஹாய் போதும். நம்ம ஊர் கம்பெனி சிலதுல பேரோட சார் சேர்த்தாத்தான் நிம்மதி, சேர்த்துக்கோங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது.

வெளிநாட்டு ஆளுங்கன்னா கதை வேற. அமெரிக்காக்காரங்க பெரும்பாலும் ரெண்டாவது மெயில்லயே முதல் பேருக்கு வந்துடுவாங்க. ஜெர்மனில அப்படி இல்ல, முதல் தடவை எழுதும்போது ஆம்பளைன்னா ஹெர், பொம்பளைன்னா ஃப்ராவ்னு போட்டு குடும்பப் பேர்தான், அவங்களா சொல்றவரைக்கும் நாம முதல் பேருக்கு இறங்காம இருக்கிறதுதான் சேஃப். ஜப்பான்ல குடும்பப் பேருக்குப் பின்னாடி மரியாதைக்கு சான், இன்னும் மரியாதையா எழுதணும்னா சாமான்னு சேர்ப்பாங்க. இதுல நமக்குன்னு ஒரு தனித் தொல்லை இருக்கு பாருங்க, நம்மள்ல நிறைய பேருக்கு குடும்பப் பேரே கிடையாது, பாஸ்போர்ட்ல அப்பா பேரு அந்த இடத்துல உக்காந்திருக்கும், அவங்க மரியாதையா "மிஸ்டர்" போட்டு நம்ம அப்பாவைக் கூப்பிட்டு எழுதுவாங்க! அதனால மெயில் அடியில உங்களை எப்படி கூப்பிடணுமோ அந்தப் பேரைப் போடுங்க, அவங்களுக்கும் நிம்மதி.

தெரியாத ஆள்னா என்ன பண்றது? ஒரு படி மேலயே ஆரம்பிங்க. பதில் வந்ததும் அவங்க அடியில எப்படி கையெழுத்து போட்டிருக்காங்கன்னு பாருங்க, வெறும் முதல் பேர்னா நீங்களும் இறங்கலாம். முழுப் பேர், பதவி எல்லாம் இருந்தா அது ஆட்டோமேட்டிக் சிக்னேச்சராவும் இருக்கலாம், அதுக்கு மேல அவங்க கையால என்ன டைப் பண்ணியிருக்காங்கன்னு பார்க்கணும்.

இன்னொண்ணு, மரியாதை வார்த்தையை அள்ளிப் போட்டுட்டு விஷயத்தை விட்டுடறோம். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்"னு எழுதினா படிக்கிறவர் என்ன செய்யணும்? வியாழக்கிழமைக்குள்ள இந்த ஷீட்ல ரெண்டாவது காலத்தை (column) சரிபார்த்துக் குடுங்கன்னு எழுதுங்க, ஒரு ப்ளீஸ் சேருங்க, எந்த மேனேஜருக்கும் கோவம் வராது. சப்ஜெக்ட் லைனைக் காலியா விடறதுதான் உண்மையான மரியாதைக் குறைவுன்னு நான் சொல்லுவேன்.

சிசில (CC, அதாவது மெயிலோட நகல் போறவங்க லிஸ்ட்ல) புதுசா பெரியவர் யாராவது வந்தா கொஞ்சம் நிமிர்ந்து எழுதுங்க, அது எல்லாரும் செய்றதுதான். ஆனா யாரையும் சேர்க்காம, தினமும் ஹாய் போட்ட ஆளுக்கு திடீர்னு "டியர்", முழுப் பேரு, "ஆஸ் பெர் மை ப்ரீவியஸ் மெயில்"னு அனுப்பினீங்கன்னா அதை யாரும் மரியாதையா எடுத்துக்க மாட்டாங்க, சண்டைக்கு வர்றீங்கன்னுதான் நினைப்பாங்க. உண்மையிலேயே கோவம்னா மெயிலை விட்டுட்டு ஃபோனை எடுங்க.