எக்ஸ் போடாதீர்கள், எண்ணிப் போடுங்கள்

வணக்கம் நண்பர்களே. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் இந்தக் காணொளியில் நான் முதலில் படங்களைக் காட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இம்முறை படங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒரு விஷயத்தில் எனக்குக் கடும் வருத்தம் இருக்கிறது, அதை ஆறவிடாமல் இப்போதே பேசிவிட வேண்டும்.

கணக்கெடுப்பின் கடைசி நாள் மாலையில் ஒரு நண்பர் குழு, நாங்குநேரிப் பக்கத்துக் குளம் ஒன்றில் பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றி எனக்கும் அனுப்பியிருந்தது. அருமையான குளம், அருமையான நேரம், விடிந்தவுடன் போயிருக்கிறார்கள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே எண்ணிக்கைக்குப் பதிலாக ‘எக்ஸ்’ போட்டிருக்கிறார்கள். மீன் பிடித்துண்ணும் கழுகான விரால் அடிப்பானுக்கு மட்டும் ‘1’ என்று போட்டு, அதற்கு ஒன்பது படங்களையும் இணைத்திருக்கிறார்கள். அந்த ஒற்றை விரால் அடிப்பான் குளத்துக்கு வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அதன் கீழே நீரை மறைத்துக்கொண்டு மிதந்த வாத்துக் கூட்டத்தில் இருந்தவை இருநூறா, இரண்டாயிரமா என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு இனி எவராலும் சொல்ல முடியாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். இ-பேர்டில் ஒரு பறவையைப் பார்த்தோம், ஆனால் எண்ணவில்லை என்றால் ‘எக்ஸ்’ என்று போடலாம், அது விதிமீறல் அன்று. அந்தப் பறவை அங்கே இருந்தது என்ற செய்தியாவது அதனால் பதிவாகிறது. குரல் மட்டும் கேட்ட தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு, வேறு வழியே இல்லாதபோது அதைப் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். கண்முன்னே, வெட்ட வெளியில், வெயில் ஏறுமுன் அமைதியாக மிதக்கும் வாத்துகளுக்கு அதைப் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எண்ணிக்கைக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதற்கு நம் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தையே பாருங்கள். சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்ட, ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த அந்தக் குளம், 1994-இல் சரணாலயம் ஆயிற்று. 2022-இல், உலகளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இந்தியாவின் சதுப்பு நிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒரு நீர்நிலையை அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு வைத்திருக்கும் அளவுகோல்களில் நீர்ப்பறவைகளுக்கான இரண்டு முழுக்க முழுக்க எண்ணிக்கையைச் சார்ந்தவை: அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூட வேண்டும், அல்லது ஏதேனும் ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 விழுக்காடாவது அங்கே இருக்க வேண்டும். ‘எக்ஸ்’ என்ற எழுத்தைக் கூட்டி இருபதாயிரம் ஆக்க முடியாது. நாளைக்கு ஒரு குளத்தின் கரையை உடைத்து மனை போடுகிறார்கள் என்றால், ‘இங்கே நிறையப் பறவை வரும்’ என்று சொல்பவரின் மனுவை விட, இத்தனை ஆண்டுகளாக இந்த மாதத்தில் இத்தனை பறவைகள் என்று எழுதி வைத்திருப்பவரின் மனுவே நிற்கும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடந்து வருவதும் இதற்காகத்தான். நம் பொங்கல் கணக்கெடுப்பு 2015-இல்தான் தொடங்கியது, வயதில் சிறியது. ஆனால் தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் ஒரே வாரத்தில் பட்டியல்கள் வருவதற்கு வேறு எந்த ஏற்பாடும் எனக்குத் தெரிந்து இதற்கு இணை இல்லை.

எப்படி எண்ணுவது என்று கருத்துப் பகுதியில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பெருங்கூட்டத்தை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டியதில்லை. முதலில் பத்துப் பறவைகளை நிதானமாக எண்ணி, அந்தப் பத்து உங்கள் தொலைநோக்கியின் வட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணுக்குப் பழக்குங்கள். பிறகு அதே அளவால் கூட்டத்தை இடமிருந்து வலமாக அளந்துகொண்டு போங்கள். பல இனங்கள் கலந்திருந்தால் மொத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, பிறகு நடுவிலும் இரு ஓரங்களிலும் நூறு நூறு பறவைகளைப் பார்த்து, அவற்றில் ஊசிவால் எத்தனை, நீலச்சிறகி எத்தனை என்று விகிதம் கணக்கிடுங்கள். ஓரத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் தட்டைவாயன்கள் ஒதுங்கி ஓர் ஓரமாகக் கூடிவிடும். சுற்றிச் சுற்றிப் பறக்கும் மீசை ஆலாக்களைக் கடந்துபோகும்தோறும் எண்ணினால் பத்து ஆலா ஐம்பதாகிவிடும்; ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தனவோ அதுவே கணக்கு. இவை அனைத்தையும் கானல் எழும்புமுன் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு தூரத்து வாத்துகள் நீரோடு சேர்ந்து நெளியத் தொடங்கிவிடும்.

இங்கேதான் என்னுடைய புதுக் கருவி வருகிறது. இதோ, இதைப் பாருங்கள்: எஃகில் செய்த நான்கு இலக்க எண்ணி. கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும், பக்கத்திலுள்ள குமிழைத் திருகினால் சுழியத்துக்குத் திரும்பிவிடும். இணையத்தில் இதே கருவிக்கு 350 ரூபாயும் அதற்கு மேல் அனுப்பும் செலவும் கேட்டார்கள். நெல்லை டவுனில், ரத வீதியில், பூசைப் பொருள்கள் விற்கும் ஒரு சிறிய கடையில், நாமம் எண்ணுபவர்களுக்காக வைத்திருந்ததை நான் 180 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் முதலில் சொன்ன விலை 220. அவரிடம் விரலில் மாட்டும் மின்னணு வகையும் 60 ரூபாய்க்கு இருந்தது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் வெயிலில் அதன் திரை தெரியாது, சிலவற்றில் ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒலி எழும், அருகில் மேயும் உள்ளான்களுக்கு நடுவே அந்த ஒலி கூடாது. எஃகு எண்ணியின் சிறப்பு, கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே எண்ணலாம் என்பதுதான். நான் ஓர் அழுத்தலைப் பத்துப் பறவைகளாக வைத்துக்கொள்கிறேன். அந்திக்கு அடைய வரும் உண்ணிக்கொக்குகளின் வரிசை தலைக்கு மேல் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போது, கை தானாக அழுத்திக்கொண்டே இருக்கிறது, வாயில் எண் குழறுவதில்லை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: வாங்குமுன் கடையிலேயே நூறு முறை அழுத்திப் பாருங்கள், 99-இலிருந்து 100-க்குத் தாண்டும்போது சில கருவிகள் சிக்கிக்கொள்கின்றன. கடைக்காரர் எனக்காக மூன்றைப் பிரித்துக் காட்டினார், மூன்றாவதுதான் தடையில்லாமல் ஓடியது.

எண்ணிக்கையோடு சேர்ந்த இன்னொன்று, முழுப் பட்டியல். நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று இ-பேர்ட் கடைசியில் கேட்கும் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லத் தகுந்த பட்டியலைத்தான் நான் பட்டியல் என்பேன். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிவாள் மூக்கனை மட்டும் எழுதினால், அந்த இடத்தில் காகம் இல்லையா, நீங்கள் எழுதவில்லையா என்று எவருக்கும் தெரியாது. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2023 அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது, 3 கோடிப் பதிவுகளின் துணையோடு. ஓர் இனம் முழுப் பட்டியல்களில் எவ்வளவு அடிக்கடி இடம்பெறுகிறது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட்டுத்தான் அது கூடுகிறதா, குறைகிறதா என்று கணிக்கிறார்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருப்பதால் நாம் பொருட்படுத்தாத பனங்காடை குறைந்து வருகிறது என்பது இப்படித்தான் வெளியே வந்தது. மயிலும் குயிலும் பெருகுவதும் இதே வழியில்தான் தெரிந்தது. பனங்காடையை அரிய பறவை ஆகும்வரை காத்திருந்து எழுதத் தொடங்குவது யாருக்கும் பயன்படாது. எனக்கு மிகவும் பிடித்த பறவை அது, என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பகிர்வது பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குளத்துக்குப் போனால், ஐவரும் தனித்தனியே ஏற்றாமல், ஒருவர் ஏற்றிய பட்டியலை மற்ற நால்வரோடும் பகிர்ந்துகொள்ளுங்கள். அப்போதுதான் ஒரே வாத்து ஐந்து முறை கணக்கில் ஏறாது. உங்கள் எண் வழக்கத்தை விட மிகுதியாக இருந்தால் உள்ளூர்ச் சரிபார்ப்பாளர் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார். அவர்கள் ஊதியமில்லாமல் இரவில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறார்கள், கோபப்படாமல் பதில் எழுதுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எங்கேயும், எவரோடும் பகிராதீர்கள். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

மேலே ஒன்றை விட்டுவிட்டேன், வரித்தலை வாத்து. லடாக், திபெத்து, மங்கோலியா ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து நம் குளங்களுக்கு வரும் பறவை அது. மைசூர்ப் பக்கத்து ஏரிகளில், மங்கோலியாவில் ஆய்வாளர்கள் மாட்டிய கழுத்துப் பட்டையோடு அவை பதிவாகியிருக்கின்றன. எனவே வரித்தலை வாத்துக் கூட்டத்தைக் கண்டால் எண்ணி முடித்தவுடன் ஒவ்வொரு கழுத்தையும் பாருங்கள். பட்டை இருந்தால் நிறத்தையும் அதன் மேலுள்ள எழுத்தையும் குறியுங்கள், தெளிவில்லாத படமானாலும் எடுத்து இணையுங்கள்.

பிப்ரவரி நடுவில் உலகளவிலான பறவைகள் பெருங்கணக்கெடுப்பு நான்கு நாள் நடக்கும். அதற்கு முன்பு, வரும் ஞாயிற்றுக்கிழமை விசயநாராயணம் பெரிய குளத்துக்குப் போகிறேன், நயினார்குளத்தை மாலையில் பார்ப்பேன். வர விரும்புபவர்கள் கருத்துப் பகுதியில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். வரும்போது ஆளுக்கொரு குறிப்பேடு இருக்கட்டும். பட்டியலின் குறிப்புப் பகுதியில், எப்படி எண்ணினீர்கள், பத்துப் பத்தாகவா, விகிதக் கணக்கிலா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.