விதியிலிருந்து விதிக்கு

ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோய் வரும்போது நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "எல்லாம் தக்தீர், இறைவன் எழுதிய விதி. வருவது வந்தே தீரும்." இந்தப் பேச்சுக்குப் பதில் நபிமொழித் தொகுப்பான புகாரியிலேயே இருக்கிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் சர்க் என்னும் இடத்தில், சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. போவதா, திரும்புவதா என்று, மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களைக் கேட்டார்கள், கருத்து இரண்டாகப் பிரிந்தது. மதீனாவாசிகளான அன்சாரிகளிடமும் அதே நிலை. குறைஷிப் பெரியவர்கள் மட்டும் ஒருமித்து, திரும்பிவிடுங்கள் என்றார்கள். உமர் திரும்ப முடிவு செய்ததும், படைத் தளபதி அபூ உபைதா (ரலி), "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். "ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்" என்றார்கள் உமர். அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் தப்பி ஓடாதீர்கள் என்ற நபிமொழியைச் சொன்னார்கள். கவனியுங்கள்: அதைக் கேட்பதற்கு முன்பே, ஆலோசனையாலும் அறிவாலும் உமர் அந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். என் பார்வையில், மருத்துவத்தைப் பற்றிய இஸ்லாமியச் சிந்தனை முழுவதும் இங்கே அடங்கிவிடுகிறது.

பாத்திரங்களை மூடி வையுங்கள், தோல்பைகளின் வாயைக் கட்டுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் சென்னை மண்ணடிச் சந்துகளில் வாசலுக்கு வாசல் நிற்கும் நீல டிரம்களைப் பாருங்கள். மூடி உடைந்திருக்கும், மேலே ஒரு பலகைத் துண்டு கிடக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இந்த நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ரமலான் நோன்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போடும் பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமலே நோன்பு வைக்கிறார்கள். நோயாளிக்குச் சலுகை தருவது குர்ஆன், அல்பகரா 184, 185ஆம் வசனங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியும் என்ற அச்சம் வேண்டாம். முறியாது என்றே மார்க்க அறிஞர்களான உலமாக்கள் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அளவு 70-க்குக் கீழே போனால், நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்குப் பத்தே நிமிடம் இருந்தாலும், அப்போதே நோன்பை விட்டுவிடுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்பதை ரமலான் பிறப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சஹர், அதாவது விடியலுக்கு முந்தைய உணவு, வரை தள்ளிப்போடாதீர்கள்.