பேட்டரி உப்பினால் போனையே தூக்கிப் போடுவதா?

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு இப்போது நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இயற்பியல் பேராசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரை என்று ஆரம்பித்து என் உரையில் பாதியைச் சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, மைக் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக ஒரு மணி நேரமாக நின்றுகொண்டே இருக்கும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பிக்க முடியாது. கூட்டம் தொடங்கியதும் "போனை எல்லாம் சைலண்டில் போடுங்கள்" என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர். சற்று முன் மணி அடித்தது யாருடைய போன் என்று நான் சொல்லமாட்டேன். மேடையிலிருந்து அடித்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, புதிதாக ஒரு கருவியோ கண்டுபிடிப்போ வந்தால் நாம் எப்படி எதிர்கொள்கிறோம் என்பது. பயம், பிரமிப்பு, சலிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்று குறிப்பு எழுதி வந்தேன். மூன்றுக்கும் நேரம் இருக்குமா, பார்ப்போம்.

முதலில் பயம். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். மனைவியின் கையைப் படம் எடுத்துக் காட்ட, அந்த அம்மா மோதிரத்தோடு தன் விரல் எலும்பைப் பார்த்துவிட்டு, என் சாவையே பார்த்துவிட்டேன் என்றாராம். செய்தி பரவியதும் ஜனங்களுக்கு வந்த பெரிய கவலை என்ன தெரியுமா? தெருவில் போகிறவன் எக்ஸ்-கதிர் கண்ணாடி போட்டுக்கொண்டு நம் துணிக்குள் பார்த்துவிடுவானோ என்பது! எக்ஸ்-கதிர் புகாத உள்ளாடை என்று லண்டனில் விளம்பரமே வந்தது. அதே ஜனங்கள், அப்புறம் சில பத்தாண்டுகள் கழித்து, செருப்புக் கடையில் எக்ஸ்-கதிர்ப் பெட்டிக்குள் குழந்தையின் காலை விட்டு, விரல் அசைவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அது உண்மையிலேயே ஆபத்து. பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் வேடிக்கை பார்ப்பது நமக்குப் புதிதல்ல.

2020-இல் என்ன ஆயிற்று? 5ஜி அலையால்தான் கொரோனா பரவுகிறது என்று எவரோ கிளப்பிவிட, பிரிட்டனில் செல்போன் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். 5ஜி என்பதும் ஒரு வானொலி அலைதான், அது வைரஸைச் சுமந்துகொண்டு போகாது. நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைவிட ஆற்றல் குறைந்த அலை அது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, இங்கே மூட்டைப்பூச்சியே இல்லை, கொளுத்தல் மட்டும் நடந்தது. இந்தப் பழமொழி எனக்கு ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கு இன்னும் இரண்டு மூன்று தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரமிப்புக்கு வருகிறேன். லித்தியம் அயனி பேட்டரி 1991-இல் கடைக்கு வந்தது. இன்றைக்கு நம் சட்டைப்பையில், மடிக்கணினியில், காதில் மாட்டுகிற அந்தக் குட்டிக் கருவியில், எல்லாவற்றிலும் அதுதான். அதற்காக 2019-இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அவர்களில் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அவ்வளவு பெரிய விஷயம். ஆனால் பேட்டரி என்றதும் எங்கள் மாமா கதை ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது.

மாமாவின் போனில் ஒரு நாள் பின்பக்க மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. மேசையில் வைத்து லேசாகத் தட்டினால் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. வீட்டில் கூடி ஆராய்ச்சி செய்தோம். "ராத்திரி முழுக்க சார்ஜில் போடுகிறீர்கள், கரண்ட் நிரம்பி வழிகிறது" என்றாள் அத்தை. ஃபிரிட்ஜில் வைத்தால் வற்றிவிடும் என்றான் ஒருத்தன். "நல்லா அழுத்தி உட்காருங்கள், அமுங்கிவிடும்" என்று ஒருத்தர் சொல்ல, மாமா நிஜமாகவே உட்காரப் போய்விட்டார். நான்தான் குறுக்கே பாய்ந்து பிடுங்கினேன். உப்பிய பேட்டரி என்றால் உள்ளே திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அழுத்தினாலும் குத்தினாலும் தீப்பிடிக்கலாம். அதைச் சார்ஜிலும் போடக் கூடாது, உட்காரவும் கூடாது.

சரி, போனை அணைத்து எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். கவுண்டரில் இருந்த பையன் போனைத் தொடக்கூட இல்லை. "சார், இந்த மாடலுக்கு பேட்டரி வருவதில்லை. மூடி பசையில் ஒட்டியிருக்கும், திறந்தால் டிஸ்பிளே போய்விடலாம், நாங்கள் பொறுப்பில்லை. புது போன் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் லாபம்" என்றான். மாமா மெதுவாகக் கேட்டார்: "யாருக்குத் தம்பி லாபம்?" பக்கத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் என்ன செய்வான் பாவம், சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான்.

பிறகு போன் பழுது பார்க்கிற ஒருவரைப் பிடித்தோம். அவர் பேசவே இல்லை. பக்கத்தில் ஒரு வாளி மணலை இழுத்து வைத்துக்கொண்டார். ஓரத்தில் ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டு, பசை இளகும்வரை காத்திருந்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். உலோகம் தொடவே இல்லை. மூடி வந்தது. திருகு, கனெக்டர், அப்புறம் வெள்ளித் தலையணை மாதிரி உப்பிக்கொண்டிருந்த பேட்டரி. ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து போன் உயிரோடு எழுந்தது. எழுந்ததும் முதல் வேலையாகத் திரையில் ஓர் அறிவிப்பு: இந்த பேட்டரி அசலானதா என்று உறுதிசெய்ய முடியவில்லை. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அதே அறிவிப்பு. மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் மாப்ளே, என் பல்லும்தான் அசல் இல்லை. அது எனக்கு மெசேஜ் அனுப்புகிறதா?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அறிவிப்பு தற்செயலாக வரவில்லை. பேட்டரி, திரை, கேமரா ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண் வைத்து அந்த போனோடு பிணைத்துவிடுகிறார்கள். வேறொன்றை மாட்டினால் மென்பொருள் முறைக்கிறது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். கொஞ்சம் உண்மையும் இருக்கலாம், போலி பேட்டரி ஆபத்துதான். அப்படியென்றால் அசல் பேட்டரியையும் அதைத் திறக்கும் கையேட்டையும் வெளியே விற்க வேண்டியதுதானே?

பேட்டரிக்குத் தேய்மானம் உண்டு என்பது ரகசியம் இல்லை. சூடு, முழு சார்ஜிலேயே கிடப்பது, வயது, எல்லாம் சேர்ந்து சில வருடங்களில் அது தளர்ந்துவிடும். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது: பழைய ஐபோன்களில் தளர்ந்த பேட்டரியால் போன் திடீரென்று அணைந்துவிடுகிறது என்று வேகத்தைக் குறைத்திருந்தார்கள். பேட்டரி மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. அதற்குள் எத்தனை பேர் "போனுக்கு வயசாகிவிட்டது" என்று புதிது வாங்கியிருப்பார்கள்! 2020-இல் அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுக்க அந்நிறுவனம் சம்மதித்தது. தேய்ந்தது ஒரு சிறு பாகம், போனது முழு போன். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவதில் இதுதான் நவீன முறை, தீப்பெட்டியையும் அவர்களே விற்கிறார்கள்.

இந்தப் புத்தி நேற்று முளைத்ததில்லை. 1924-இல் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனிவாவில் கூடி, பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று பேசி முடித்தன. அதிகம் எரிகிற பல்பு செய்தால் அபராதம்! இதற்கு நடுவில், கலிஃபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901-இல் போட்ட ஒரு பல்பு இன்னமும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் மங்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். பேராசிரியர் ஐயா தலையை ஆட்டுகிறார், இழை சூடு குறைந்தால் ஆயுள் கூடும் என்று சொல்ல வருகிறார். தெரியும் ஐயா.

2022-இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐநா அறிக்கை சொல்கிறது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்தது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

முடியாத காரியமா இது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனிலிருந்து புதிதாகச் சந்தைக்கு வரும் போனின் பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் புதிதில் தாங்கிய சார்ஜில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும், அந்த மாடலின் விற்பனை நின்றபின் ஏழு வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் அந்தப் பாகப் பிணைப்புக்கே 2024-இல் தடைச் சட்டம் போட்டது. சட்டம் வந்ததும் அதே கம்பெனிகளுக்கு எல்லாம் சாத்தியமாகிவிடுகிறது, பாருங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார், "இரண்டு நிமிடம்" என்று. சலிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், பரவாயில்லை, அதைக் கேட்டால் அதுவே எழுதித் தந்துவிடும். எனக்கு வேண்டியது வேறு. மேடைக்கு வலப்பக்கம் ஒரு மேசையில் மனு இருக்கிறது. மூன்று கோரிக்கைதான்: பழுதுபார்க்கும் கையேட்டை வெளியிடு, உதிரிபாகத்தை யாருக்கும் விற்பனை செய், பாகத்தை எண்ணோடு பிணைக்காதே. படித்துவிட்டுச் சம்மதம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள், சந்தேகம் இருந்தால் என்னிடம் சண்டை போட்டுவிட்டுப் போடுங்கள். மூடி தூக்கிய போன் யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே அணைத்து வையுங்கள், தயவுசெய்து அதன்மேல் உட்காராதீர்கள். பேனா இல்லாதவர்கள் செயலாளரைக் கேளுங்கள், அவர் சட்டைப்பையில் நான்கு இருக்கிறது. நன்றி, வணக்கம்.