மாங்காய்ச் சூடா, மாங்காய்ப் பாலா?

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாங்காய்க் கூடை வந்து இறங்காத வீடு குறைவு. ஊறுகாய்க்கு வெட்டி முடித்து ஒன்றிரண்டு நாளில், வெட்டியவரின் விரல் இடுக்கிலும் வாயோரத்திலும் பொரிப்பொரியாக எழும்பும், நமைச்சல் தாங்காது. "மாங்காய்ச் சூடு, மோரைக் குடி" என்பார்கள். அது சூடு இல்லை. காம்பை ஒடித்ததும் பீய்ச்சி அடிக்கிறதே பால், அதன் வேலை.

மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். துணியில் குறி போடும் சேராங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அதற்கு உறவான எண்ணெய்ப் பொருள்தான் மாங்காய்ப் பாலிலும் தோலிலும் இருக்கிறது. ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைப்பவர்கள் கையைப் பதம் பார்ப்பதும் ஓட்டிலுள்ள அந்த வகை எண்ணெய்தான். பழத்தின் சதையில் அது மிகக் குறைவு. அதனால் இப்படிப் பொரிந்தவர்களில் பலருக்கு, வேறொருவர் தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்தால் ஒன்றும் செய்வதில்லை. தோலோடு கடித்துச் சப்பும்போதுதான் உதடு கெடுகிறது.

மாங்காயைப் பறிக்கும்போதே ஒரு விரற்கடை காம்பு விட்டுப் பறியுங்கள். வெட்டுவதற்கு முன் காம்பைக் கிள்ளி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி அரைமணி நேரம் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு நன்றாகக் கழுவுங்கள். பால் கையில் பட்டால் உடனே, பத்து நிமிடத்துக்குள், சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பொருள் ஆகையால் வெறும் தண்ணீருக்குப் போகாது. நகக்கண், அரிவாள்மனை, துடைத்த துணி, எல்லாவற்றையும் சோப்பில் கழுவ வேண்டும். கழுவாத துணி மறுநாளும் பாலைத் தோலில் சேர்க்கும். கொப்புளம் உடைந்த நீரால் பரவுகிறது என்று பயப்பட வேண்டாம், அந்த நீர் பரப்பாது. ஈரத்துணி ஒற்றடம் போதும், சுண்ணாம்பு தடவாதீர்கள். கண் வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

அன்னாசி நாக்கை அரிப்பது பெரும்பாலும் ஒவ்வாமையே அல்ல. புரதத்தைக் கரைக்கும் நொதி ஒன்றும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களும் சேர்ந்து நாக்கைக் குத்துகின்றன. கேசரியில் வெந்த அன்னாசியில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

கவலைப்பட வேண்டிய ஒவ்வாமை வேறு வகை. எந்தப் பழமானாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, நாக்கு வீக்கம், குரல் கம்மல், இழுப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம், இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ தனியாக வந்தாலும் அப்படித்தான். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்க விடக்கூடாது. இதற்கு முதல் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். குறையாவிட்டால் 5 நிமிடத்துக்குப் பின் மருத்துவர் மறுபடி போடுவார். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் செட்டிரிசின் மாத்திரை தடிப்பைக் குறைக்கும், தொண்டை வீக்கத்தை நிறுத்தாது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு.

வாழைப்பழமோ பப்பாளியோ சாப்பிட்டதும் வாய் அரிக்கிறவர்கள், பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை பட்டாலோ உதடு தடிக்கிறதா என்று கவனியுங்கள். ரப்பர்ப் பாலிலுள்ள புரதங்களைப் போன்றவை இந்தப் பழங்களிலும் உண்டு. தடிக்கிறது என்றால் பல் பிடுங்கப் போகும்போதும் அறுவைசிகிச்சைக்கு முன்பும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ரப்பர் இல்லாத கையுறை போட்டுக்கொள்வார்கள்.