முதல் நாலு ஆல்பம்

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் கேசட் கடை வைத்திருந்தவன் நான். எனக்குப் பாடத் தெரியாது, விற்கத் தெரியும். அதனால் ஒரு பாடகரின் பேச்சு அவருடைய ரசிகர் ஒருவரை என்ன செய்தது என்று, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முன் ரேக் முழுக்கத் தமிழ்ப் பாட்டு. பின்னால், காற்றாடிக்குக் கீழே, ஆங்கிலக் கேசட்டுக்கு ஒரே ஒரு வரிசை. அந்த வரிசைக்காகவே நகரின் செந்தூல் பகுதியிலிருந்து ஒருவர் வருவார். ரயில்வே பட்டறையில் வேலை. நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், ஆனால் முடி மட்டும் நெற்றிக்கு மேல் அலையாகத் தூக்கி நிற்கும். "ஸ்மித்ஸ் வந்தா எடுத்து வைங்கண்ணே" என்பார்.

தி ஸ்மித்ஸ் மான்செஸ்டரில் 1982-ல் தொடங்கி 1987-ல் கலைந்துபோன ராக் இசைக்குழு. பாடகர் மோரிஸ்ஸி, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெற்றோரின் பிள்ளை. தனிமையும் கூச்சமும் கேலியும் கலந்த பாட்டுகள். செந்தூல் பையனுக்கு அதில் எது ஒட்டியது என்று நான் கேட்டதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் அவரைத் தங்கள் வீட்டுப் பாடகராகவே கொண்டாடினார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். குடியேறியவர்களின் பிள்ளைகள் குடியேறியவர்களின் பிள்ளையைக் கண்டுகொள்வது ஒன்றும் அதிசயமில்லை.

2007 நவம்பரில் லண்டனின் என்.எம்.இ. என்ற இசைப் பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது. வெளியிலிருந்து ஆள் வர வர பிரிட்டிஷ் அடையாளம் மறைகிறது, இங்கிலாந்தின் வாசலில் வெள்ளம் புகுந்துவிட்டது, லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் நடந்தால் ஆங்கிலேயப் பேச்சே காதில் விழுவதில்லை என்கிற மாதிரி. அவரே லாஸ் ஏஞ்சலஸ், ரோம் என்று வெளிநாட்டில் குடியிருந்தவர்தான். அதை இப்போதைக்கு விடுவோம்.

நம்மவர் ஒரு பிரிண்ட் தாளோடு கடைக்கு வந்தார். முடி கொஞ்சம் அடங்கியிருந்தது. "பத்திரிகைக்காரன் திரிச்சுட்டாண்ணே. முழுப் பேட்டியையும் போட்டானா?" என்றார். அப்போது ரசிகர்கள் பலரும் சொன்னது அதுதான். வியாபாரத்தில் இருந்தவனாகச் சொல்கிறேன், அந்தச் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. வாரப் பத்திரிகை சண்டையில்தான் நன்றாக விற்கும். 1992-ல் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் மேடையில் அவர் பிரிட்டிஷ் கொடியோடு நின்றதை அதே பத்திரிகைதான் பெரிய இனவெறி விவகாரமாக்கியது. 2007 பேட்டிக்காக அவர் வழக்குப் போட்டார். 2012-ல் பத்திரிகை, அவரை இனவெறியர் என்று தாங்கள் கருதவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டது. அதற்குள் நான் கடையை மூடிவிட்டேன். இருந்தாலும் போன் வந்தது. "பாத்தீங்களாண்ணே?" பரீட்சையில் பாஸான குரல்.

எனக்கு மட்டும் ஒரு முள் உறுத்தியது. மன்னிப்பு வந்தது பத்திரிகை எழுதிய விதத்துக்கு. வாசலில் வெள்ளம் என்ற பேச்சு அப்படியே நின்றது. திரித்தானா இல்லையா என்று நாம் ஐந்து வருஷம் வாதாடினோம், அந்தப் பேச்சு யாரைப் பற்றியது என்று ஒருநாள்கூடப் பேசவில்லை.

எல்லா ரசிகர்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். 1976-ல் பர்மிங்ஹாம் மேடையில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியபோது, கறுப்பர்களின் இசையில் பிழைத்தவர் நீங்கள் என்று இசைப் பத்திரிகைகளுக்கே கடிதம் எழுதினார்கள் சிலர். 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற, இனவெறிக்கு எதிரான இசை இயக்கம் அதில்தான் பிறந்தது.

2018-ல் மோரிஸ்ஸி 'ஃபார் பிரிட்டன்' என்ற தீவிர வலதுசாரிக் கட்சியை வெளிப்படையாக ஆதரித்தார். மறு வருஷம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதன் பேட்ஜைக் குத்திக்கொண்டு பாடினார். எந்தப் பத்திரிகைக்காரனும் அதைச் சட்டையில் குத்திவிடவில்லை. கார்டிஃப் நகரில் 1894-லிருந்து நடக்கும் ஸ்பில்லர்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை, இனி அவர் தட்டுகளை விற்பதில்லை என்றது. நானாக இருந்தால் ரேக்கிலிருந்து எடுத்திருப்பேனா? கடை வாடகையை நினைத்தால், எடுத்திருக்கமாட்டேன். அந்த முறை செந்தூலிலிருந்து போன் வரவில்லை.

என் பாட்டி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கில் வந்து இறங்கியவர். ஆயுசு முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியும் கடைசிவரை சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, பெரியப்பா கப்பலேறித் திரும்பிவிட்டார். 'வந்தேறி' என்ற சொல் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுவரை வந்திருக்கிறது.

போன மாதம் துன் சம்பந்தன் சாலையில் செந்தூல்காரரை எதேச்சையாகப் பார்த்தேன். ஒரு கடையில் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தோம். மேசை துடைத்த பையன் வங்காளதேசம். பக்கத்து மேசையில் ஆர்டர் எழுதியவன் நேப்பாளம். "பிரிக்பீல்ட்ஸ் இப்போ நம்ம ஊராவா இருக்கு? நம்ம பாஷையே காதுல விழ மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டார். அது அவர் பேச்சு மட்டும் என்று இங்கே சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நானும் "ஆமா" என்றுதான் தலையாட்டினேன். நைட்ஸ்பிரிட்ஜ் நினைவுக்கு வந்தது பில் கட்டும்போதுதான்.

எழுந்திருக்கும்போது கேட்டேன், "இன்னும் அந்தப் பாட்டெல்லாம் கேக்குறீங்களா?"

"கேக்குறேண்ணே. ஸ்மித்ஸ் போட்ட நாலு ஆல்பம் மட்டும். 1987-ஓட நிறுத்திக்கிட்டேன்."

முடி முழுக்க நரைத்துவிட்டது. இன்னும் மேலே தூக்கித்தான் வாருகிறார். நன்றி, வணக்கம்.