சிங்கப்பூர் சைட்டில் அடிபட்டால் முதல் நாளே என்ன செய்ய வேண்டும்?

(காட்சி: கட்டுப் போட்ட ஆள்காட்டி விரல். பின்னணியில் லாரி சத்தம்.)

ஜூரோங் பக்கம் ஒரு சைட். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் முன்பு, சாய்த்து வைத்திருந்த இரும்புப் பலகை சரிந்து என் ரூம்மேட்டின் விரலை நசுக்கிவிட்டது. கையுறையைக் கழற்றினால் நகமும் கூடவே வந்தது. சூப்பர்வைசர் அவரை வேனில் ஏற்றி, கம்பெனி வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நம்ம ஆளுக்கு இங்கிலீஷ் வராது. "என்னாச்சு?" என்ற கேள்விக்கு சூப்பர்வைசரே பதில் சொன்னார்: ரூம் கதவில் மாட்டிக்கொண்டதாம்.

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியை மாற்ற நான்கு மாதம் அலைந்தோம்.

அதனால் முதல் வேலை, டாக்டரிடம் நீங்களே வாயைத் திறப்பது. "வொர்க் ஆக்சிடென்ட்" என்ற இரண்டு வார்த்தை போதும். பெரிய காயம் என்றால் கம்பெனி வேனுக்காகக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-க்கு அடியுங்கள்.

அப்புறம் போனை எடுங்கள். இடத்தைக் கழுவித் துடைப்பதற்குள் நாலு படம். சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப்: எத்தனை மணிக்கு, எந்த மாடியில், எதனால் அடிபட்டது. தமிழில் இருந்தாலும் பரவாயில்லை, நேரத்தோடு பதிவாகிவிடும். பக்கத்தில் நின்றவரின் நம்பரையும் வாங்கி வையுங்கள். அடுத்த வாரம் அவர் வேறு சைட்டுக்குப் போய்விடலாம். என் ரூம்மேட்டைக் காப்பாற்றியதே கூட வேலை பார்த்த பங்களாதேஷ்காரர் எடுத்த ஒரு படம்தான்: தரையில் ரத்தக் கையுறை, பக்கத்தில் அந்தப் பலகை.

(காட்சி: எம்சி தாள், அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று.)

இனி சட்டம். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், இப்போதைய வடிவில் 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒர்க் பெர்மிட்காரர்களுக்கும் பொருந்தும். "உன் கவனக்குறைவுதானே" என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். தப்பு யாருடையது என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. குடித்துவிட்டு வேலை பார்த்தது, அடிதடி போன்றவை வேறு கதை.

முன்பெல்லாம் மூன்று நாளுக்கு மேல் எம்சி இருந்தால்தான் கம்பெனி ரிப்போர்ட் செய்ய வேண்டும். அந்தக் கணக்கிலேயே இன்னும் இருக்கும் சூப்பர்வைசர்கள் "ரெண்டு நாள் எம்சிதானே, எம்ஓஎம் எதுக்கு?" என்பார்கள். இன்று ஒரு நாள் எம்சி என்றாலும், வெறும் லைட் டியூட்டி (காயத்துக்கு ஏற்ற இலகுவான வேலை) என்றாலும், 10 நாளுக்குள் எம்ஓஎம்முக்கு, அதாவது மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். கம்பெனி செய்யாவிட்டால் நீங்களே கிளெய்ம் போடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் டைம்.

சம்பளத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். எம்சி நாட்களுக்கு பேசிக் சம்பளத்தை மட்டும் கொடுத்து முடித்துவிடுவார்கள். கணக்குப் பார்க்க வேண்டியது முந்தைய 12 மாதச் சராசரி வருமானத்தை, ஓடி (ஓவர்டைம்) பணமும் சேர்த்து. நம் சம்பளத்தில் ஓடி இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? ஆக, பே ஸ்லிப்பை வீசிவிடாதீர்கள். எம்சியில் முதல் 14 நாளுக்கு அந்தச் சராசரி முழுதாக வரும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 60 நாள் வரை முழுதாக. அதற்கு மேல், ஒரு வருடம் வரை, மூன்றில் இரண்டு பங்கு. லைட் டியூட்டிக்கும் சராசரிக் கணக்குதான்.

விரல் மடங்கவில்லை, பிடிமானம் குறைந்துவிட்டது என்றால் நிரந்தரப் பாதிப்புக்குத் தனி இழப்பீடு உண்டு. காயம் ஓரளவு ஆறிய பிறகுதான் டாக்டர் சதவீதம் போடுவார். அதற்கு முன்னால் விமான டிக்கெட்டோடு ஒரு தாளை நீட்டி "கையெழுத்துப் போடு, ஊர்ல போய் பாத்துக்கலாம்" என்றால் போடாதீர்கள். ஊருக்குப் போய்விட்டாலும் கிளெய்ம் செத்துவிடாது, ஆனால் மருத்துவச் சோதனைக்கு இங்கே இருப்பது எவ்வளவோ சுலபம். பெர்மிட்டை வெட்டிவிட்டாலும், கேஸ் முடியும்வரை தங்க எம்ஓஎம் ஸ்பெஷல் பாஸ் தருவது வழக்கம். அதில் பொதுவாக வேலை பார்க்க முடியாது. ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய கடனை நினைத்தால் அந்த மாதங்கள் கொடுமைதான், மறைக்க விரும்பவில்லை. லிட்டில் இந்தியாவில் இப்படிக் காத்திருப்பவர்களுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் இலவசச் சாப்பாடு போடுகிறது.

வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. எங்கள் ரூமில் எல்லோர் போனிலும் அது 'மாமா' என்ற பெயரில் இருக்கிறது.