வரையாட்டுக்கு மரம் வேண்டாம், புல் வேண்டும்

(காட்சி: முக்கூர்த்திப் புல்மேடு, மூடுபனி விலகுகிறது)

ஊட்டிக்கு வருகிற பலர் இந்த மேட்டைப் பார்த்ததும், "மலை மொட்டையாகக் கிடக்கிறதே, நாலு மரம் நடக்கூடாதா?" என்பார்கள். நட்டார்கள். சிக்கலே அதில்தான்.

(காட்சி: பாறை விளிம்பில் வரையாடு)

இது நம் மாநில விலங்கு. வரை என்றால் மலை. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இதைத்தான் என்பார்கள். மேய்ச்சல் திறந்த புல்வெளியில், சிறுத்தையோ புலியோ கண்ணில் பட்டால் ஒரே ஓட்டமாகச் செங்குத்துப் பாறைக்கு. ஆக, புல்லும் வேண்டும், பாறையும் பக்கத்திலேயே வேண்டும், பார்வையை மறைக்க நடுவில் எதுவும் வேண்டாம்.

அந்த நடுவில்தான் சீகை வந்து நிற்கிறது. தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் இல்லை, வாட்டில் (wattle) என்கிற வெளிநாட்டு மரம். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் சும்மா இருக்கவில்லை, தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயானுக்குக் கூழ் வேண்டும் என்று புல்வெளியைத் தரிசாகப் பார்த்து சீகையும் கற்பூர மரமுமாக (யூகலிப்டஸ்) நட்டுத் தள்ளினோம்.

சரி, வெட்டிவிட்டால் முடிந்ததா? இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீப்பிடித்தால் இன்னும் மும்முரமாக முளைக்கும். அதனால் வெட்டிய இடத்தில் வருஷா வருஷம் கன்றுகளைக் கையால் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நாற்றாக வளர்த்து நட வேண்டும். இடுப்பு ஒடியும் வேலை. மரம் நடுவிழா மாதிரி ஒரே நாளில் போட்டோ எடுத்துக்கொண்டு போக முடியாது.

எல்லா இடத்திலும் வெட்டுவதும் சரியில்லை. கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை, அதாவது இந்த மலைகளின் இயற்கைக் காட்டு மரக் கன்றுகள் தானாகவே வருகின்றன. அங்கே கோடரி போட்டால் சோலையும் சேர்ந்து போகும். முதலில் காப்பாற்ற வேண்டியது, சீகை இப்போதுதான் எட்டிப்பார்க்கிற புல்வெளிகளை.

2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள். முந்தின வருஷம் 1,031. கூடியது சந்தோஷம்தான், ஆனால் கணக்கெடுத்த இடங்களும் கூடியிருக்கின்றன. எல்லாமே புதுக் குட்டிகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

(காட்சி: நீலக் குறிஞ்சி)

இதுவும் அதே புல்வெளிச் செடிதான். 2018இல் பூத்தது, அடுத்து 2030. பார்க்கப் போகும்போது, அதன் நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சீகைக் கன்று நின்றால் வனத்துறை ஆட்களிடம் இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.